ஒற்றும் சான்றும்: புனைவின் நிழல் உளவு அமைப்பும் உதகை 1917 காவல் நிகழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவுகளில் அரசின் நிழலாக இயங்கும் உளவு அமைப்பு மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றது. அதன் அச்சம் தரும் ஆற்றல் மறைவில் இருப்பதாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அவ்வாற்றலின் வேர் மறைவில் இல்லை. உளவறிக்கை எவராலும் சோதிக்கப்படாமல் ஒருவரது வாழ்வைத் தீர்மானிக்கும் நிலையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், 1917ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் நீலகிரியில் காவலில் வைக்கப்பட்ட நிகழ்வு, 1950 முதல் 2025 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் வழி இக்கருதுகோள் ஆராயப்படுகின்றது.

முதன்மைச் சொற்கள்: ஒற்றாடல், உளவறிக்கை, தடுப்புக்காவல், அன்னி பெசன்ட், உதகமண்டலம், அறிவியல் புனைவு, நீதிமுறை ஆய்வு.

முன்னுரை

ஒற்றறிதல் அரசு என்னும் அமைப்பளவுக்குப் பழமையானது. அது வேண்டுமா என்னும் வினாவை அரசியல் நூல்கள் எழுப்புவதில்லை. எவ்வாறு ஆளப்படவேண்டும் என்பதையே பேசுகின்றன. மக்களாட்சியில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. ஆட்சியின் ஒவ்வொரு செயலும் சட்டத்திலிருந்து பிறக்கவேண்டும், அதற்குக் காரணம் கூறப்படவேண்டும் என்பது மக்களாட்சியின் நெறி. மூலத்தை மறைத்தால்தான் செய்தி கிடைக்கும் என்பது உளவின் நெறி. இவ்விரு நெறிகளும் மோதும் இடத்தில் நிற்பவர் யார்மீது அறிக்கை எழுதப்பட்டதோ அவரே. அவருக்குக் கிடைக்கும் காப்பு எது என்பதே இக்கட்டுரையின் மையம்.

புனைவில் நிழல் அமைப்பு

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998ஆம் ஆண்டு முதன்முதலாகக் காட்டப்பட்ட 'பிரிவு 31' இவ்வகை அமைப்புக்குத் தக்க எடுத்துக்காட்டு. கோள்களின் கூட்டமைப்பு என்னும் நல்லாட்சிக்குள் அது இயங்குகின்றது. அதற்குத் தலைமையகம் இல்லை. கணக்குக் கேட்கும் மேலதிகாரியும் இல்லை. கூட்டமைப்பின் கடற்படையை ஒத்த ஸ்டார்ஃப்ளீட்டின் மூலச் சாசனத்தில் 14ஆம் உறுப்பின் 31ஆம் பிரிவு, பேராபத்துக் காலத்தில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகளுக்கு இடந்தருகின்றது. அந்த ஒரு பிரிவையே தன் பெயராகவும் உரிமையாகவும் அவ்வமைப்பு கொள்கின்றது. பகை இனத்தை அழிக்க நோய்க்கிருமியைப் பரப்பும் அளவுக்கு அது செல்கின்றது. அதை எதிர்ப்பவர் மருத்துவர் ஒருவர் என்பது கருதத்தக்கது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' புதினம் இதே சிக்கலை வேறு கோணத்தில் அணுகுகின்றது. எதிர்கால இந்தியாவில் மக்கள் போற்றும் தலைவர் ஜீவா, உண்மையில் ஒளியால் உருவாக்கப்பட்ட தோற்றமே. ஆட்சி செய்வோர் அத்தோற்றத்துக்குப் பின்னால் இருக்கின்றனர். முன்னதில் அமைப்பு மறைந்துள்ளது. பின்னதில் ஆட்சியே மறைந்துள்ளது.

இவ்விரு புனைவுகளிலும் பொதுவாக அமைவது மறைவு மட்டுமன்று. குற்றம் சாட்டப்பட்டவர், 'எதனால்?' என்று வினவுவதற்கு ஓர் இடம் இல்லை என்பதே அவற்றின் பொதுக்கூறு. 'பிரிவு 31' சட்டத்துக்கு முற்றிலும் புறம்பானதாகத் தன்னைக் கூறிக்கொள்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சாசனத்துக்குள்ளேயே உள்ள விதிவிலக்கு ஒன்றிலிருந்து அது பிறக்கின்றது. வரலாற்றில் இதற்கு இணையானவை பல உள்ளன.

ஒற்றாடல் அதிகாரத்தில் சோதனை நெறி

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், உளவைப் பற்றிய தமிழ்ச் சிந்தனையின் செறிவான வடிவம். ஒற்றையும் புகழ்பெற்ற நூலையும் அரசனின் இரு கண்களாகக் காண்கின்றது 581ஆம் குறள். ஒற்று மட்டும் போதாது, நெறிகூறும் நூலும் உடன் வேண்டும் என்னும் இணைப்பு இதில் உள்ளது. வினை செய்வோர், சுற்றத்தார், பகைவர் என்று வேறுபாடின்றி அனைவரையும் ஆராய்வதே ஒற்றின் கடமை என்கின்றது 584ஆம் குறள்.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை 588, 589ஆம் குறள்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே ஏற்காமல் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பது முன்னது. ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளவேண்டும். மூவர் சொல் ஒத்தால் அதனை உண்மையெனத் தெளியலாம் என்பது பின்னது. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யற்க என்னும் 590ஆம் குறள், மறைவின் தேவையையும் ஏற்கின்றது.

ஆகவே வள்ளுவர் வகுக்கும் நெறி இருபகுதிகளை உடையது: ஒற்றன் மறைவாக இருக்கலாம், ஆனால் அவன் சொல் சோதனைக்கு உட்படவேண்டும். எனினும் அச்சோதனையைச் செய்பவன் அரசனே. சோதிக்கப் பயன்படுவதும் அவனுடைய ஒற்றர்களே. சொல்லப்பட்டவன் தன் பக்கத்தைக் கூறும் இடம் இவ்வதிகாரத்தில் பேசப்படவில்லை. முடியாட்சிக்குரிய நூலில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. அவ்விடைவெளியைப் பிற்காலம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே அடுத்த வினா.

உதகமண்டலம், 1917

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராக விளங்கியது. ஆண்டின் பல மாதங்கள் ஆளுநரும் செயலாளர்களும் கோப்புகளும் மலையேறினர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், அங்கிருந்து உதகைக்கு 1908இலும் தொடர்வண்டி வந்தபின் இப்பெயர்ச்சி மேலும் எளிதாயிற்று. மாகாணக் காவல்துறையில் 1906ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குற்றப் புலனாய்வுத் துறை, அரசியல் இயக்கங்களைக் கண்காணிக்கும் பணியையும் மேற்கொண்டது. அத்துறையின் கண்காணிப்பில் புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியாரும் இருந்தார்.

1916ஆம் ஆண்டு செப்டம்பரில் அன்னி பெசன்ட் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழ்மீது 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் ஏவப்பட்டிருந்தது. கட்டியிருந்த 2,000 ரூபாய் பிணைத்தொகை பறிமுதல் செய்யப்பட்டு, புதிதாக 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. இந்நடவடிக்கையை எதிர்த்து அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாட முடிந்தது. அச்சட்டத்திலேயே அதற்கு வழி இருந்தது. உயர்நீதிமன்றத்தில் தோற்றார், இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் 1919இல் தோற்றார். ஆயினும் அரசு எந்த எழுத்தைக் குற்றமுடையதாகக் கருதியது என்பது வெளிப்பட வாதிடப்பட்டது. தீர்ப்பு எழுத்தில் உள்ளது. இன்றும் அதனைப் படித்து ஏற்கவோ மறுக்கவோ இயலும்.

1917ஆம் ஆண்டு சூன் மாத ஆணை இதினின்று வேறுபட்டது. போர்க்காலத்துக்கென இயற்றப்பட்ட 1915ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்கீழ், ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய மூவரையும் காவலில் வைத்தது. அவர்கள் கூட்டங்களில் கலந்துகொள்ளலாகாது. எழுத்து எதையும் வெளியிடலாகாது. அவர்களுடைய கடிதங்கள் தணிக்கைக்கு உட்படும். அரசு குறித்த சில இடங்களுள் ஒன்றை வாழிடமாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் எஞ்சியது. அவர்கள் உதகையைத் தேர்ந்தனர். தியாசாபிகல் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஆல்காட்டின் 'குலிஸ்தான்' என்னும் இல்லத்தில் தங்கினர். மாகாண அரசின் கோடை இருக்கையும், அவ்வரசு அஞ்சிய மூவரின் காவலிடமும் ஒரே மலைநகரில் அமைந்தன.

அவர்கள்மீது குற்றப்பத்திரிகை இல்லை. வழக்கும் இல்லை. ஆணைக்கு முன் பெசன்ட் ஆளுநரைச் சந்தித்துக் காரணம் வினவியபோது, அதனைப் பற்றிப் பேச ஆளுநர் மறுத்துவிட்டார். எந்த அறிக்கை, எந்தச் சொல், எந்த நாள் என்று எதுவும் அவர்முன் வைக்கப்படவில்லை. பிணைத்தொகை பறிமுதலுக்கு நீதிமன்றம் இருந்தது. மனிதரின் உரிமையைப் பறித்ததற்கு இல்லை. ஓராண்டு இடைவெளியில் ஒருவர்மீதே ஒரே அரசு எடுத்த இவ்விரு நடவடிக்கைகளின் வேறுபாடு, இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவான சான்றாகும். அரசின் நோக்கம் இரண்டிலும் ஒன்றே. சோதனைக்குரிய இடம் ஒன்றில் இருந்தது, மற்றொன்றில் இல்லை.

சோதனைக்கு நீதிமன்றம் இல்லாத நிலையில் அரசியலே நீதிமன்றமாயிற்று. ஹோம் ரூல் இயக்கத்தின் மதிப்புறு தலைவரும், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவருமான எஸ். சுப்பிரமணிய ஐயர், 1917 சூன் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்துக்காகப் பிரிட்டிஷ் அரசின் கண்டனத்துக்கு ஆளானபோது, 1918இல் தம் பட்டங்களைத் துறந்தார். அதுவரை ஒதுங்கியிருந்த முகமது அலி ஜின்னா உள்ளிட்டோர் இயக்கத்தில் சேர்ந்தனர். உடல்நலங் கருதிப் பெசன்ட் பின்னர்க் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்டு 20 அன்று மாண்டேகுவின் அறிவிப்பு வெளியானபின், செப்டம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்குப் பெசன்ட் தலைமை தாங்கினார்.

இந்நிகழ்வை அரசின் தோல்வியாக மட்டும் வாசிப்பது நிறைவாகாது. பெசன்ட்டுக்கு உலகப் புகழ் இருந்தது. அவருக்காகக் கடிதம் எழுத முன்னாள் நீதிபதி இருந்தார். அதே சட்டத்தின்கீழ் நாடெங்கும் காவலில் வைக்கப்பட்ட பெயர் அறியப்படாதோருக்கு இவை இல்லை. அரசியல் ஆரவாரத்தால் கிடைக்கும் விடுதலை புகழுடையோரின் உரிமை. காரணத்தை அறியும் நெறி ஒன்றே எல்லோருக்கும் உரியதாக முடியும்.

விதிவிலக்கின் நீள்வாழ்வு

விசாரணையற்ற காவல் 1915இல் தோன்றியதன்று. 1818ஆம் ஆண்டின் வங்காள 3ஆம் ஒழுங்குவிதியும், 1819ஆம் ஆண்டின் சென்னை 2ஆம் ஒழுங்குவிதியும் அதற்கு முன்னோடிகள். போர் முடிந்தபின் போர்க்கால அதிகாரத்தை நீட்டிக்க 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. நெருக்கடிக்கென வகுக்கப்பட்ட விதிவிலக்கு நெருக்கடி தீர்ந்தபின்னும் வாழ்வதைப் புனைவின் 31ஆம் பிரிவு காட்டுகின்றது. சென்னை மாகாண வரலாறும் அதனையே காட்டுகின்றது.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசமைப்பிலும் தடுப்புக்காவல் இடம்பெற்றது. உறுப்பு 22 அதற்குச் சில காப்புகளை விதிக்கின்றது. காவலின் காரணங்களை உரியவருக்குத் தெரிவிக்கவேண்டும். அவர் முறையிட வாய்ப்பளிக்கவேண்டும் என்கின்றது அதன் 5ஆம் கூறு. பொதுநலனுக்கு எதிரானவை என அதிகாரி கருதும் செய்திகளை வெளியிட வேண்டியதில்லை என்கின்றது 6ஆம் கூறு. 1917இல் பெசன்ட் எழுப்பிய வினாவுக்கு 5ஆம் கூறு விடையளிக்கின்றது; அவ்விடையின் ஒரு பகுதியை 6ஆம் கூறு திரும்பப் பெற்றுக்கொள்கின்றது.

இவ்வுறுப்பு முதலில் சோதிக்கப்பட்டது சென்னை மாகாணத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில்தான். ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை அரசு வழக்கில் 1950 மே 19 அன்று உச்சநீதிமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தைப் பொதுவாக ஏற்றது. ஆனால் அதன் 14ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது. காவலில் உள்ளவருக்குத் தெரிவிக்கப்பட்ட காரணங்களை நீதிமன்றத்தின்முன் வெளிப்படுத்துவதையே தடைசெய்த பிரிவு அது. கோபாலன் தோற்ற வழக்கு என்றே இது நினைவுகூரப்படுகின்றது. எனினும் நீதிமன்றத்தின் கண்களைக் கட்டுவதற்குச் சட்டத்தாலும் இயலாது என்னும் கோட்பாடு இதில்தான் தோன்றியது.

அக்கோட்பாடு நிலைத்து நிற்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவின் 9ஆம் உட்பிரிவு, காவலின் காரணங்களை அரசு மறைபொருளாக்கியது. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை அரசின் பக்கம் நின்றது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு சனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசாவின்கீழ்க் கைதானோர் சென்னை மத்திய சிறையில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைப் பின்னர் நீதிபதி எம். எம். இஸ்மாயில் ஆணையம் ஆராய்ந்தது. காரணம் கேட்கும் இடம் அடைபடும்போது சிறைக்கதவுக்குப் பின்னால் நடப்பதும் கணக்குக்கு அப்பாற்பட்டதாகின்றது என்பதற்கு அவ்விசாரணை சான்று. ஜபல்பூர்த் தீர்ப்பைத் தவறெனக் கூறி நீக்க 2017 ஆகஸ்டு 24ஆம் நாளின் புட்டசாமி தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டமற்ற அமைப்பும் சோதனைக்குரிய அறிக்கையும்

இந்திய உளவுப் பணியகம் 1887ஆம் ஆண்டு தோன்றிய காலனியக் கிளையிலிருந்து வளர்ந்தது. விடுதலைக்குப்பின் அதன் முதல் இந்திய இயக்குநராக அமைந்தவர் சென்னை மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த டி. ஜி. சஞ்சீவி பிள்ளை. அயல்நாட்டு உளவுக்கான 'ரா' அமைப்பு 1968இல் உருவாயிற்று. இவ்விரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இல்லை. பிரிட்டனில் எம்.ஐ.5 அமைப்புக்கு 1989இலும், எம்.ஐ.6 அமைப்புக்கு 1994இலும் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 2011இல் மனீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இவ்வமைப்புகளுக்கு விலக்களிக்கின்றது; ஊழலும் மனித உரிமை மீறலும் தொடர்பான தகவல்கள் மட்டும் அவ்விலக்குக்கு வெளியே நிற்கின்றன.

தொலைபேசி ஒட்டுக்கேட்பில் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கின் தீர்ப்பு 1996இல் சில நெறிகளை வகுத்தது. உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். அவ்வாணையை மறுஆய்வுக் குழு காணவேண்டும். அக்குழுவில் இடம்பெறுவோர் அரசுச் செயலாளர்களே. இஃது ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றனால் சோதிக்கும் 588ஆம் குறளின் நெறியை ஒத்தது. தேவையான நெறிதான், ஆயினும் அரசனின் வட்டத்துக்குள் அமைந்த நெறி.

அவ்வட்டத்துக்கு வெளியே சோதனை நகர்ந்ததை அண்மைக்காலத் தீர்ப்புகள் இரண்டு உணர்த்துகின்றன. மலையாளத் தொலைக்காட்சியான மீடியா ஒன்னின் உரிமம் உளவுப் பணியக அறிக்கைகளின் அடிப்படையில் புதுப்பிக்கப்படவில்லை. அவ்வறிக்கைகள் மூடிமுத்திரையிட்ட உறையில் கேரள உயர்நீதிமன்றத்திடம் தரப்பட்டன, நிறுவனத்துக்குக் காட்டப்படவில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அந்நடவடிக்கையை நீக்கியது. உளவறிக்கை என்பதனாலேயே முழு விலக்கு கோர இயலாது. நாட்டுப் பாதுகாப்பு என்னும் சொல்லை உச்சரிப்பது மட்டும் போதாது. மறைக்கவேண்டிய பகுதியை மட்டும் மறைத்து எஞ்சியதைத் தரும் வழிகளை நாடவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சென்னை உயர்நீதிமன்றம் 2025 சூலை 2 அன்று பி. கிஷோர் வழக்கில், 2011ஆம் ஆண்டு உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றைச் செல்லாததாக்கியது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மறைவாக ஒட்டுக்கேட்பது தனியுரிமையை மீறும் என அது கொண்டது.

எதிர்வாதமும் மதிப்பீடும்

உளவின் மூலத்தை வெளிப்படுத்தினால் செய்தி தந்தவரின் உயிருக்கே கேடு வரும் என்பது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நீலகிரிக் காடுகளில் கூடுகின்றன. அத்தகைய நிலப்பரப்பில் காவல்துறைக்குச் செய்தி தரும் சிற்றூர்வாசியின் பெயர் காக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. 590ஆம் குறளின் எச்சரிக்கை அங்கு இன்றும் பொருந்தும். ஆனால் அதே சிற்றூரில், தவறான செய்தியால் ஐயத்துக்கு ஆளாகும் மற்றொருவரும் வாழ்கிறார். முன்னவரின் பெயரைக் காப்பதும் பின்னவருக்குக் காரணத்தைக் கூறுவதும் ஒன்றையொன்று விலக்குபவையல்ல. சொன்னவர் யார் என்பது வேறு. சொல்லப்பட்டது என்ன என்பது வேறு. முன்னதை மறைக்கலாம். பின்னதை நீதிமன்றத்திடமிருந்து முற்றிலும் மறைக்கும்போதுதான் ஒற்று நிழல் அமைப்பாக மாறுகின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நிழல் அமைப்பு சட்டத்துக்கு வெளியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் சட்டம் தனக்குள் விட்டுவைத்த விதிவிலக்கிலிருந்தே வளர்கின்றது. இரண்டாவதாக, உளவறிக்கையைச் சோதிக்கவேண்டும் என்னும் கருத்து தமிழ் மரபுக்கு அயலானதன்று; ஒற்றாடல் அதிகாரம் அதனைத் தெளிவாகவே வகுத்துள்ளது. அரசனின் வட்டத்துக்குள் நின்ற அச்சோதனையைச் சார்பற்ற நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வதே மக்களாட்சி அதனோடு சேர்க்கவேண்டிய பகுதி. மூன்றாவதாக, பெசன்ட்டின் பிணைத்தொகை வழக்கையும் காவல் ஆணையையும் அருகருகே வைத்து நோக்கும்போது, உரிமையைக் காப்பது நீதிமன்றத்தில் கிடைக்கும் வெற்றி மட்டுமன்று என்பது புலனாகின்றது. தோற்ற வழக்கும் காரணத்தை எழுத்தில் விட்டுச்செல்கின்றது. வழக்கே இல்லாத காவல் எதையும் விட்டுச்செல்வதில்லை. 1917ஆம் ஆண்டின் உதகையைப் பற்றிய ஆய்வுக்கும், இன்றைய உளவுச் சட்டம் பற்றிய உரையாடலுக்கும் பொதுவான அளவுகோலாக இதனைக் கொள்ளலாம்.